எங்கள் வீட்டு இடுப்புவலி

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு கிறுக்குப் பிடித்துவிடுகிறது. நான் இருப்பது ஸ்வீடன் நாட்டில், கோத்தன்பர்க் என்கிற துறைமுக நகரத்தில். மாதக்கணக்கில் இருட்டிலும் ஈரத்திலும் கிடந்த சனங்கள், சூரியன் கொஞ்சம் தலைகாட்டியதும் போட்டது போட்டபடி தெருவுக்கு வருகிறார்கள். டிராம் நிறுத்தத்தில் சுவரோடு முதுகைச் சாய்த்து, முகத்தை வானத்துக்குத் தூக்கி, கண்ணை மூடிக்கொள்கிறார்கள். கிழவர், குமரி, கோட்டு போட்ட அதிகாரி, எல்லாரும் அப்படித்தான். வந்த புதிதில் ஏதோ பிரார்த்தனை நடக்கிறது என்று நினைத்து நானும் அடக்கமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். எங்கள் தர்மபுரியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், மின்கம்பத்தின் நிழல் எங்கே விழுகிறதோ அங்கே ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக நிற்பார்கள். நிழல் நகர நகர வரிசையும் நகரும். வெயிலுக்கு வேண்டுமென்றே முகம் காட்டுகிறவனைப் பார்த்தால், யாரோ அவனுக்கு என்னமோ வைத்துவிட்டார்கள் என்றுதான் எங்கள் ஊரில் பேசுவார்கள்.

மே, ஜூன் வந்தால் இன்னும் மோசம். பூங்காவுக்குப் பூங்கா கருவாடு காயப்போட்ட மாதிரி அரைகுறையாகக் கிடக்கிறார்கள். எனக்குப் பார்க்கவே குமட்டும். அதிலே அசிங்கம் என்று நான் சொல்வது உடம்பு தெரிவதை அல்ல. எனக்கு வெயில் என்றால் கொப்புளம், நாக்கு வறட்சி, தக்காளிக் காட்டில் குனிந்தே கிடந்த அப்பாவின் முதுகு. அதைப் போய் ஒருத்தன் படுத்துக்கொண்டு, எண்ணெய் தேய்த்துக்கொண்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு அனுபவிக்கிறானே என்கிற எரிச்சல்தான். அதைவிடக் கேவலம், அந்த வெயிலை நானே மாத்திரையாக விழுங்குகிறேன். இங்கே வோர்ட்சென்ட்ரால் என்று சொல்லும் சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துவிட்டு, உன் தோல் நிறத்துக்கு எங்கள் வெயில் போதாது, டி வைட்டமின் குறைவாக இருக்கிறது என்றார்கள். தர்மபுரிக்குப் பக்கத்தில், அதியமான்கோட்டையில் பிறந்தவனுக்கு வெயில் பற்றாக்குறையாம். அம்மாவிடம் போனில் சொன்னபோது, அவள் வெகுநேரம் சிரித்தாள்.

நான் வேலை செய்வது லாரி எஞ்சினுக்குப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில். அங்கே காலையும் மாலையும் ஃபீகா என்று ஒரு சடங்கு உண்டு. காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வைத்துக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்து பேசவேண்டும். வேலை பற்றிப் பேசக்கூடாது. போன வருஷம் ஒரு நாள் அந்த மேஜையில், லார்ஸ் என்கிற என் சகா, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே தன் புரோஸ்டேட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற ஒரு சின்னச் சுரப்பி அது. அதில் புற்றுநோய், ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள், டாக்டர் எங்கே விரலை விட்டுப் பார்த்தார், ஆபரேஷனுக்குப் பிறகு மூத்திரம் எப்படிச் சொட்டுகிறது, மனைவியோடு படுக்கை எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னான். மேஜையில் பெண்களும் இருந்தார்கள். அவர்களும் கன்னத்தில் கைவைத்துக் கேள்வி கேட்டார்கள். சீ, இந்தச் சனங்களுக்குக் கூச்சநாச்சமே கிடையாதா என்று நினைத்துக்கொண்டு, காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனேன்.

போகிறபோது லார்ஸ் என்னையும் விடவில்லை. உனக்கும் ஐம்பது ஆகிவிட்டது, போய்ப் பார்த்துக்கொள் என்றான். அவன் தொல்லை தாங்காமல்தான் போனேன். இங்ரிட் என்கிற டாக்டரம்மா, உன் குடும்பத்தில் யாருக்காவது புரோஸ்டேட் புற்றுநோய் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்பா எதில் இறந்தார் என்றார். இடுப்புவலியில் என்றேன். இடுப்புவலியில் யாரும் சாவதில்லையே என்றார். எங்கள் ஊரில் சாவார்கள் என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தார். சரி, இந்தம்மாவுக்குப் புரியும்படி சொல்வோம் என்று, அப்பா விவசாயி, ஆயுசு முழுக்க வெயிலில் நின்றவர் என்று விளக்கினேன். உடனே என்னைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு என் முதுகில் மச்சம் மச்சமாகத் தேட ஆரம்பித்துவிட்டார். வெயில் என்றால் இவர்களுக்கு ஒன்று மாத்திரை, இல்லாவிட்டால் தோல் புற்றுநோய்.

அப்புறம் பொறுமையாக உட்கார்ந்து சொன்னார். வெயில் பட்டுத் தோலில் உண்டாகிற டி வைட்டமின், அந்தச் சுரப்பியில் உயிரணுக்கள் கண்டபடி பெருகாமல் பார்த்துக்கொள்ள உதவலாம் என்று ஓர் எண்ணம் இருக்கிறதாம். ஆனால் அந்த வைட்டமினை உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது அவனவன் மரபணுவைப் பொறுத்தது. ஒரே வெயில் ஒருவனுக்கு உதவலாம், இன்னொருவனுக்கு உதவாமலும் போகலாம். ஆராய்கிறவர்களே இதில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை, வெயிலை நம்பி யாரும் சோதனையை விட்டுவிடக்கூடாது என்றார். சந்தேகமில்லாமல் தெரிந்தது ஒன்றுதான். அப்பனுக்கோ கூடப் பிறந்தவனுக்கோ அது இருந்தால், நமக்கும் வருகிற வாய்ப்பு கூடுதல். பெண்கள் வழியாகவும் அது இறங்கும். சில குடும்பங்களில் அதே மரபணுக் கோளாறு பெண்களுக்கு மார்பில் புற்றுநோயாக வரும். எனக்கு எங்கள் காட்டு பாஷையில்தான் இது விளங்கியது. ஒரே தட்டில் வளர்ந்த தக்காளி நாத்து. ஒன்றை அதியமான்கோட்டையில் நட்டாயிற்று, இன்னொன்றைக் கொண்டுவந்து கோத்தன்பர்க்கில் நட்டாயிற்று. விதையில் இருப்பது விதையில் இருக்கும். வெயில் அதில் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும்.

அங்கே நட்டது என் அண்ணன் மாதையன். அன்றைக்கே அவருக்குப் போன் போட்டு, அப்பாவுக்கு என்ன வியாதி என்று கேட்டேன். இடுப்புவலிதான், இப்ப எதுக்கு அது என்று வைத்துவிட்டார். அம்மாவைக் கேட்டேன். அம்மா அப்பாவைப் பற்றிப் பேசவில்லை. "உங்கண்ணனுக்கும் இப்ப அதே இடுப்புவலிதான் சாமி. தக்காளிப் பொட்டி தூக்கித் தூக்கி. ஒண்ணுக்குப் போனாலும் வெளிய நின்னுக்கிட்டே கெடக்கறான்" என்றாள். அம்மா சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் போனை வைத்ததும் ஊருக்கு டிக்கெட் பார்த்தேன்.

அப்பாவின் கடைசி மாதங்கள் எப்படி இருந்தன என்று சொல்லிவிடுகிறேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு படியுங்கள். நான் அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தேன், வாரக்கடைசியில் வருவேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று அப்பாவைக் கட்டிலில் போட்டிருந்தார்கள். கட்டு போடுகிற வைத்தியர் ஒருவர் வீட்டுக்கே வருவார். முட்டை வெள்ளைக்கருவையும் உளுத்தமாவையும் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் பத்தையை வைத்து அப்பாவின் இடுப்பை இறுக்கிக் கட்டுவார். சித்திரை வெயில். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இரண்டு நாளில் அந்த முட்டை அழுகும். அறைக்குள் போனாலே அந்த நாற்றமும் மூத்திர நாற்றமும் சேர்ந்து குடலைப் புரட்டும். அப்பா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கிடப்பார். அடுத்த வாரம் வைத்தியர் வந்து, கட்டு நல்லாப் பிடிச்சிருக்குது என்பார். எல்லாரும் தலையாட்டுவோம். அந்தக் கட்டோடுதான் செத்துப்போனார். குளிப்பாட்டுகிறபோது அதைக் கத்தியால் அறுத்து எடுத்தார்கள். இன்றைக்கும் இங்கே யாராவது பக்கத்தில் வேகவைத்த முட்டையை உரித்தால், நான் இடம் மாறி உட்கார்ந்துவிடுவேன்.

மே மாதம் ஊருக்குப் போனேன். அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், அதற்காக வருகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அவளை இங்கே சௌமியா என்று எழுதுகிறேன், அது அவள் பெயரல்ல. இதில் வருகிற எந்தப் பெயரும் உண்மைப் பெயரல்ல. அவள் கல்யாணம் முடிந்து, மறுவீடும் முடிந்த பிறகுதான் இதை எழுதவே உட்கார்ந்தேன். ஏன் என்று போகப்போக உங்களுக்கே தெரியும்.

நான் போய் இறங்கியது நண்பகல். அண்ணன் எங்கே என்று கேட்டதற்கு, அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலே கை காட்டினார். மொட்டைமாடிக்கு ஏறினேன். தளம் செருப்பையும் மீறிக் கொதித்தது. அண்ணன் சட்டையில்லாமல், கோவணம் மாதிரி துண்டைக் கட்டிக்கொண்டு, சூரியனுக்கு இடுப்பைக் காட்டி நின்றிருந்தார். முதுகெல்லாம் நல்லெண்ணெய். இடுப்புக்கு மேலே தோல் வெந்து, உரிந்து, நீர் கோத்து நின்றது. என்னண்ணா இது என்று கேட்டேன். வைத்தியம் என்றார். எனக்கு வெயில் பத்தவில்லை என்று டாக்டர் சொன்னதை அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறாள். அதற்குத் தோதாக அவர் போனில் எவனோ ஒருத்தன், காவி வேட்டியும் கழுத்தில் கொட்டையுமாக உட்கார்ந்துகொண்டு, வெயில் பட்டால் ஆண்களுக்கு அந்த நோவே வராது, வந்திருந்தாலும் ஓடிப்போகும் என்று சொல்லியிருக்கிறான். பாதி உண்மையை வைத்துக்கொண்டு பிழைக்கிற அந்த நாயை நேரில் பார்த்தால், மூஞ்சியிலேயே துப்பியிருப்பேன்.

காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் காட்டில் வெயிலில்தானே நிற்கிறீர்கள், அதில் போகாத நோவு இங்கே வந்து நின்றால் போய்விடுமா என்று கேட்டேன். அண்ணன் திரும்பாமலே, "அது வேல வெயிலு. இது வேற" என்றார்.

தர்மபுரியிலேயே ரத்தம் கொடுத்துப் பார்க்கலாம், ஒரு ஊசி குத்துகிற நேரம்தான், நான் கூட வருகிறேன் என்று கெஞ்சினேன். அப்பாவுக்கும் இதுதான் இருந்திருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன், அதனால் நாம் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். அப்போதுதான் திரும்பினார்.

"இருந்திருக்குமோ என்னடா? அதேதான்" என்றார். "ஸ்கேன் எடுத்தப்பவே டாக்டரு என்னைத் தனியாக் கூப்புட்டுச் சொல்லிட்டாரு. அங்கிருந்து எலும்புக்கு ஏறிருச்சுன்னாரு."

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அப்ப உனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருந்தம். வம்சத்துல ஓடற வியாதின்னு தெரிஞ்சா எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்றார்.

அப்படியென்றால் அந்தக் கட்டு எதற்கு என்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம். "இடுப்புவலின்னு சொல்லிட்டு கட்டுப் போடாம இருந்தா நாலு பேரு கேக்க மாட்டாங்களா?" என்றார்.

அந்த மாடியிலேயே ஓரமாகப் போய் வாந்தியெடுத்தேன். வெயிலால் என்று அண்ணன் நினைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கீழே குரல் கொடுத்தார். எனக்கு வெயிலால் வரவில்லை. எங்கப்பாவை, தன் தோளில் என்னைத் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போன மனுஷனை, நாலு பேர் பார்ப்பதற்காக அழுகின முட்டையில் போட்டுப் பொதிந்து வைத்திருக்கிறார்கள். வலிக்கு ஒரு நல்ல மருந்து உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அத்தனையும் எனக்கு ஒரு பெண் கிடைக்கவேண்டும் என்பதற்காக. அண்ணன் கெட்டவரல்ல, அதுதான் இதில் பெரிய கருமம். எனக்காக உயிரை விடுகிற அண்ணன். இப்போது அதே மாதிரி தன் மகளுக்காகத் தன் உயிரையும் விடத் தயாராக நிற்கிறார். சௌமியா கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டார். கல்யாணம் ஆவணியில். ஊரில் எவன் கண்ணிலாவது ஆஸ்பத்திரி வாசலில் பட்டுவிட்டால் எல்லாம் போச்சு, நீ வாயைத் திறக்கக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசுவது எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். டீக்கடையில், உரக்கடையில், முடிவெட்டுகிற இடத்தில் நைசாக விசாரிப்பார்கள். அந்த வூட்டுல ஏதாச்சும் வியாதி வெக்கை உண்டா என்பதுதான் முதல் கேள்வி. விசாரணையெல்லாம் முடிந்து வீடு பார்க்க வந்தாலும், தண்ணீர் குடிப்பார்கள், காப்பி குடிப்பார்கள், சோறு தின்ன மாட்டார்கள். சம்மதம் என்றால்தான் இலையில் உட்காருவார்கள். அதற்குக் கை நனைக்கிறது என்று பெயர். சோற்றில் கை வைத்துவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. அதற்கு மேல் பின்வாங்கினால் அந்தக் குடும்பம் ஊரில் தலைகாட்ட முடியாது.

மாப்பிள்ளை வீட்டார் பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பெயர் கோவிந்தன். பட்டுக்கரை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, மடியில் மடித்துப்போட்ட துண்டு. அந்தத் துண்டை அவர் எடுக்கவே இல்லை. முட்டிவலி, கீழே உட்கார முடியாது என்று நாற்காலி கேட்டு வாங்கிக்கொண்டார். மேலெல்லாம் சென்ட் அடித்திருந்தார். அந்த சென்ட்டுக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. அப்பாவின் அறைக்குப் போய்வந்த எனக்கு அது தெரியும், மூத்திர வாடை. இவருக்குமா என்று நினைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் சட்டைக்குள்ளே வெந்த முதுகு உராயாமல் நேராக விறைத்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

காப்பி குடித்த பிறகு, வந்தவர்களில் ஒரு பெரியவர், உங்கப்பாரு எதுலங்க போனாரு என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார். இடுப்புவலிங்க, பாரம் தூக்கித் தூக்கி என்றார் அண்ணன். மூச்சுவிடுகிற மாதிரி வந்தது பொய். கோவிந்தன் தலையைத் தூக்கி அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் போயிற்று, கிளம்பப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் பெரியவரிடம் திரும்பி, அப்புறம் என்னங்க, இலையப் போடச் சொல்லுங்க என்றார். மேஜை ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டு இலை விரித்தோம். சோற்றைப் பிசைந்து முதல் வாய் வைத்தார். உள்ளே பெண்கள் குலவை போடாத குறைதான். அண்ணியின் கண்ணில் தண்ணீர்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் கோவிந்தன் கொல்லைப்புறம் எங்கே என்று கேட்டார். அண்ணன் கூட்டிக்கொண்டு போனார். நான் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னாலே போனேன். மாமரத்துக்குப் பின்னால் இரண்டு பேரும் நின்றார்கள். அண்ணன் நின்றபடியே நின்றார், ஒன்றும் வரவில்லை. கோவிந்தன் அவரையே கவனித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "எத்தன நாளாங்க இருக்குது உங்களுக்கு?"

எதுங்க என்றார் அண்ணன். "இடுப்புவலி" என்றார் கோவிந்தன். முன்னால் தொங்கப் பிடித்திருந்த துண்டை விலக்கி, வேட்டியைத் தொடைக்கு மேலே தூக்கிக் காட்டினார். தொடையில் கட்டிய பிளாஸ்டிக் பையில் மூத்திரம் மஞ்சளாக நிறைந்திருந்தது. "எனக்கும் அதே இடுப்புவலிதானுங்க. சேலத்துல பாக்கறன். கேன்சரு."

அண்ணன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். சோறு திங்கறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்றார். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். "நான் சொல்லியிருந்தா நீங்க இலை போட்டிருப்பிங்களா? நீங்க சொல்லியிருந்தா நான் கை நனைச்சிருப்பனா?" என்றார் கோவிந்தன். "நனைச்சாச்சில்ல. இனிமே பேசறதுக்கு என்னங்க. திங்கக்கிழம நான் சேலம் போறன். கூட வாங்க."

வர்றனுங்க சம்மந்தி என்றார் அண்ணன். அவ்வளவுதான். கூடப் பிறந்தவன் கடல் தாண்டி வந்து கெஞ்சி அசையாத மனுஷன், ஒரு இலைச் சோற்றுக்குப் பிறகு சரி என்றுவிட்டார். அப்புறம் இரண்டு பேரும், ஒருவரையொருவர் ஏமாற்றிய சாமர்த்தியத்தை நினைத்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அண்ணன் அப்படி மனம்விட்டுச் சிரித்து நான் பல வருஷமாகப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. அதைவிட அதிகமாக அருவருப்பு. இங்கே சிரிக்கிற இரண்டு பேரின் வியாதியும் சேர்ந்து இறங்கப்போவது உள்ளே புடவை கட்டிக்கொண்டு நிற்கிற அந்தப் பெண்ணின் பிள்ளைகளுக்கு. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கோவிந்தன் பையைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்ததும், வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டேன்.

திங்கட்கிழமை தொப்பூர்க் கணவாய் இறங்கி சேலம் போனோம். சம்பந்திகள் இருவரும் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து, எந்த நேரத்தில் சுருக்கென்று குத்துகிறது, எதைத் தின்றால் எரிகிறது என்று தக்காளி விலை பேசுவதுபோலப் பேசிக்கொண்டே வந்தார்கள். அண்ணனுக்கு ரத்தம் எடுத்தார்கள், சதை எடுத்தார்கள், நாலு நாளில் முடிவு வந்தது. அதேதான். இடுப்பு எலும்பில் ஓரிடத்தில் ஏறிவிட்டது. ஊசியும் மாத்திரையும் வைத்துச் சில வருஷம் கட்டுக்குள் வைத்திருக்கலாம், கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். ஆயுசு முழுக்க வெயிலில் நின்ற நாத்து அது. வெயில் என்ன செய்ததோ, விதை தன் வேலையைப் பார்த்துக்கொண்டது.

வீட்டில் அண்ணன் மூத்திரக்கல் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா தினமும் காலையில் வாழைத்தண்டை இடித்துச் சாறு பிழிந்து கொண்டுவந்து நீட்டுகிறாள். இல்லாத கல்லைக் கரைப்பதற்கு அண்ணன் ஒரு டம்ளர் சாற்றை முகம் சுளிக்காமல் குடிக்கிறார்.

கோத்தன்பர்க் திரும்பியதும் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிருஷ்ணகிரிக்காரி. துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முடிவில், "எங்க வீட்டுக்குத் தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டாங்க" என்றாள். கோபமில்லை, வருத்தமில்லை, உள்ளதைச் சொன்னாள். பிறகு எங்கள் பையனின் சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பதினைந்து வயது. அவனுக்குச் சொல்லவேண்டும் என்று மட்டும் இருவரும் முடிவு செய்தோம்.

ஜூன் மாதம் மறுபடி இங்ரிட்டிடம் போனேன். நர்ஸ் அந்தச் சோதனைக்கு ரத்தம் எடுத்து முழங்கையில் பஞ்சு ஒட்டினாள், முடிவு ஒரு வாரத்தில் வரும் என்றாள். போன தடவை நான் சொன்னது தப்பு, என் அப்பாவுக்கு அந்தப் புற்றுநோய் இருந்தது, இப்போது என் அண்ணனுக்கும் இருக்கிறது என்று ஸ்வீடிஷில் சொன்னேன். அதை நான் முழுசாக வாய்விட்டுச் சொன்னது மனைவிக்குப் பிறகு அங்கேதான். இங்ரிட் என் தோளைத் தொட்டுவிட்டு, அண்ணனுக்குப் பெண் பிள்ளைகள் உண்டா என்றார். ஒரு மகள் என்றேன். அவளுக்குத் தெரியுமா என்றார். அவளுக்குக் கல்யாணம் நடக்கப்போகிறது என்றேன். இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. நான் பேச்சை நல்ல விஷயத்துக்கு மாற்றுகிறேன் என்று நினைத்து அவர் முகம் மலர்ந்தது. வாழ்த்துகள் என்றார். நன்றி என்றேன்.

வெளியே வந்து படியில் நின்றேன். எதிரே இருந்த புல்வெளியில் சனங்கள் வழக்கம்போல மல்லாந்து கிடந்தார்கள். சட்டைக் கையை இன்னும் இறக்கவில்லை. அம்மாவிடமிருந்து போன் வந்தது. டாக்டரிடம் போகிறேன் என்று முந்தின நாள் வாய்தவறிச் சொல்லியிருந்தேன்.

"டாக்டரு என்ன சாமி சொன்னாரு?"

"ஒண்ணுமில்லம்மா. வெயில் பத்தலையாம்."

"அந்த இருட்டூருல எங்கருந்து பத்தும்? பேசாம இங்கயே வந்துரு. உங்கண்ணனப் பாரு, வெயில்ல நின்னு நின்னு கல்லாட்டம் இருக்கறான்."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உள்ளே ஓர் அந்நிய மனுஷியிடம் உண்மையைச் சொன்ன அதே வாயால், "ஆமாம்மா" என்றேன்.